இங்கிலாந்தில் இணையம் வழியாக அரிவாள்மனை விற்பவர்களுக்கு

லண்டனில் வீட்டிலிருந்தே இணையப் பாத்திரக்கடை நடத்துகிறேன். இட்லிச் சட்டி விற்கத் தொல்லையே இல்லை. அரிவாள்மனையும் கத்தியும்தான் வேலை வாங்குகின்றன. 18 நிரம்பாதவருக்குக் கத்தி விற்பது இங்கே குற்றம், சமையல் கத்தியானாலும் சரி. இணைய விற்பனைக்கான கெடுபிடி 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இறுகியது.

‘எனக்கு 18 ஆகிவிட்டது’ என்று டிக் அடிக்க வைத்தால் போதாது. பணம் கட்டும் இடத்திலேயே வயது சரிபார்க்கும் சேவையை இணையுங்கள்; தேறாத ஆர்டர் அங்கேயே நிற்கட்டும். டெபிட் கார்டை வயதுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். இங்கே 11 வயதிலேயே கார்டு கொடுக்கிறார்கள்!

அப்புறம் பொட்டலம். உள்ளே கூரிய அலகுள்ள பொருள் இருக்கிறது, 18 நிரம்பியவர் கையில் மட்டும் கொடுக்கவும் என்று வெளியே தெளிவாக எழுதுங்கள். கூரியரில் வயது பார்த்துக் கொடுக்கும் சேவையையே பதியுங்கள். காசு கூடுதல்தான், நான் விலையில் சேர்த்துவிடுகிறேன். வாங்குபவர் தானே வந்து திறந்து எடுத்துக்கொள்ளும் பார்சல் லாக்கருக்கு அனுப்பவே கூடாது. வாசலில் வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தையும் குறிப்பெழுதித் தடுங்கள்.

சரிபார்த்த பதிவுகளை ஆர்டர் வாரியாகச் சேமியுங்கள். வணிக விதிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற உள்ளாட்சித் துறையின் அதிகாரிகள் பதின்வயதுப் பிள்ளைகளை வைத்துச் சோதனை ஆர்டர் போடுவதுண்டு.