110022: ஒரு பெரிய எண்ணின் இயல்புகளைக் கண்டறியும் முறை

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து அதன் இயல்புகளை எழுதச் சொன்னால், மாணவர்கள் பலரும் வகுத்திகளைத் தனியாகவும் அவற்றின் கூட்டுத்தொகையைத் தனியாகவும் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பகாக் காரணிகள் கிடைத்துவிட்டால் மற்றவை சில பெருக்கல்களிலேயே வந்துவிடும் என்பதால், உழைப்பை முழுவதும் அந்த ஒரு வேலைக்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தில்லியில் மலை மந்திர் என்னும் முருகன் கோயில் அமைந்துள்ள இராமகிருஷ்ணபுரத்தின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 110022-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இது இரட்டை எண்; எனவே 2-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 6 ஆதலால் 3-ஆலும் வகுபடும்; கடைசி இலக்கம் 2 ஆதலால் 5-ஆல் வகுபடாது. 11-க்கு ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் சோதனை உண்டு என்றாலும், அதற்கு முன் எண்ணின் வடிவத்தைச் சற்று உற்று நோக்குவது நல்லது. 11, 00, 22 என்று இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 11-இன் மடங்காக இருப்பதால், 110022 = 11 × 10002 என்று நேரடியாகவே எழுதிவிடலாம். 10002-ஐ 6-ஆல் வகுத்தால் ஈவாக 1667 கிடைக்கிறது.

இனி 1667 பகா எண்ணா என்று பார்க்க வேண்டும். ஓர் எண்ணுக்கு அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். 110022-இன் வர்க்கமூலம் 331-ஐச் சற்றே தாண்டுகிறது. 331 வரை 67 பகா எண்கள் உள்ளன. ஆனால் கிடைத்த காரணிகளை உடனுக்குடன் வகுத்து நீக்கிவிட்டதால், 41-ஐ எட்டாத வர்க்கமூலம் கொண்ட 1667 மட்டுமே நம்முன் நிற்கிறது. 37 வரை சோதித்தால் வேலை முடிந்தது. மேலும், 1666 = 2 × 7 × 7 × 17 என்பதைக் கவனித்தால் 2, 7, 17 ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் விலகிவிடும். மற்றவையும் மீதி தருவதால் 1667 பகா எண்ணே.

ஆகவே 110022 = 2 × 3 × 11 × 1667. ஒவ்வொரு பகாக் காரணியையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் வகுத்திகள் 2 × 2 × 2 × 2 = 16. ஒரு காரணி மும்முறை வந்திருந்தால் அதற்கு நான்கு தெரிவுகள் இருந்திருக்கும். இதை மறப்பவர்களே அதிகம். காரணி ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால், வகுத்திகளின் கூட்டுத்தொகை 3 × 4 × 12 × 1668 = 240192. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 130170. அது 110022-ஐ விடப் பெரிது என்பதால் இது மிகை எண். 110022 வரை இதனோடு சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாதவையாக, அமைபவை, காரணி ஒவ்வொன்றிலிருந்தும் 1 கழித்துப் பெருக்கினால், 1 × 2 × 10 × 1666 = 33320. 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் 3, 11, 1667 ஆகியவை ஒருமுறை மட்டுமே வருவதால், இதை இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே இயலாது.

தில்லியின் கன்னாட் பிளேஸ் பகுதியின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 110001-ஐயும் இவ்வாறே செய்து பாருங்கள்: 3 × 37 × 991 என்று பிரியும் அந்த எண்ணுக்கு, தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டுத்தொகை 40783 மட்டுமே ஆகையால், அது குறை எண்.