சைனஸ் குறியீடு: உடனே ஜே01.9 போடாதீர்கள்

புகைமூட்டம் சூழ்ந்துவிட்டால் போதும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கிளினிக் முகப்பில் "சைனஸ்தான், டாக்டரைப் பார்க்கணும்" என்று வரிசை நிற்கும். ஐ.சி.டி.-10 (நோய்களுக்கான உலகப் பொதுக் குறியீட்டுப் பட்டியல்) குறியீடு எழுதும்போது கை தானாக ஜே01.9-க்குப் போகிறது. ஜே01 பிரிவு திடீர் சைனஸ் அழற்சிக்கானது; அதில் .9 என்றால் இடம் குறிப்பிடாதது. எந்த சைனஸ் அறை (முக எலும்புகளுக்குள் உள்ள காற்றறை) என்று மருத்துவர் குறிப்பிடாதபோது மட்டுமே அது பொருந்தும். கன்னப் பகுதி என்றிருந்தால் ஜே01.0, நெற்றி என்றால் ஜே01.1. இரண்டும் சேர்ந்திருந்தால்? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஜே01.4 எல்லா அறைகளும் பாதித்தால்தான்; இரண்டு மட்டும் என்றால் ஜே01.8.

தொந்தரவு தொடங்கிய தேதியையும் கட்டாயம் கேட்டு எழுதிவையுங்கள். முதல் 10 நாள்களில் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அதற்கு மேலும் குறையாவிட்டால், அல்லது தேறி வந்து மறுபடி மோசமானால், மருத்துவர் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார். சளி பச்சையாக இருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது (என் அம்மா இதை இன்னும் ஏற்கவில்லை). தொடர்ந்து 12 வாரம் தாண்டி, நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று மருத்துவர் எழுதினால் ஜே01 பிரிவையே விட்டு ஜே32-க்குப் போக வேண்டும்.