கிராண்ட் பிரீ டிஸ்க் வாங்குறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

1966-ல ஜான் ஃபிராங்கன்ஹைமர் எடுத்த கிராண்ட் பிரீ படம் ப்ளூ-ரேல கிடைக்குது, ரேஸிங் பிடிச்சவங்க டிவிடிய விட்டுட்டு இதையே எடுங்க, ஏன்னா வழக்கமான 35 எம்எம்ம விட அகலமான 65 எம்எம் ஃபிலிம்ல ஷூட் பண்ணது, அந்த டீட்டெயில் டிவிடில வராது.

வாங்குறதுக்கு முன்னாடி ரீஜன் கோடு (டிஸ்க் எந்த நாட்டு பிளேயர்ல ஓடும்னு சொல்ற எழுத்து) பாத்துக்கோங்க, நம்ம ஊர் ப்ளூ-ரே பிளேயருக்கு சி, அமெரிக்க டிஸ்க்குக்கு ஏ.

முக்கியமா டிவில ஜூம் போடாதீங்க. மேலயும் கீழயும் கருப்பு பட்டை இருக்கேன்னு சிலர் ஸ்கிரீன் ஃபுல்லா இழுத்து விட்டுடுவாங்க, ஆனா இதுல கிராஃபிக் டிசைனர் சால் பாஸ் டிசைன் பண்ண ஸ்ப்ளிட் ஸ்கிரீன் சீன்ஸ் (ஸ்கிரீன பல கட்டமா பிரிச்சு காட்டுறது) நிறைய, ஜூம் பண்ணா ரெண்டு ஓரமும் வெட்டுப்பட்டு பாதி படமே போயிடும். டிவில மோஷன் ஸ்மூத்திங்கையும் (அசைவ வழவழன்னு காட்ட டிவியே நடுவுல ஃபிரேம் சேக்குற செட்டிங்) ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா மொனாக்கோ ரேஸ் ஏதோ சீரியல் மாதிரி தெரியும்.

ஆரம்பத்துல மியூசிக் மட்டும் ஓடும், டிஸ்க் ஃபால்ட்டுன்னு நினைக்காதீங்க, அது ஓவர்ச்சர். படம் கிட்டத்தட்ட 3 மணி நேரம், நடுவுல இன்டர்வெல்லும் வரும் (கதை கொஞ்சம் இழுவைதான், ரேஸ் சீனுக்காக பொறுத்துக்கலாம்). சவுண்டுக்கு ஆஸ்கர் வாங்கின படம், டிவி ஸ்பீக்கர்ல கேக்காம நல்ல ஹெட்ஃபோனாவது போட்டுக்கோங்க.