வெக்கையான ஊரில் கத்தி, பலகை, அரிவாள்மனை: கழுவுவதும் காயவைப்பதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா போன்ற தோட்டப் பட்டணங்களில் வெயிலுக்கென்று தனிக் காலம் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே அடுப்பும் எரிந்தால் மதிய நேரத்தில் அடுக்களை 32, 33 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். உணவில் கிருமி பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான். சூடும் ஈரமும் கொஞ்சம் இறைச்சிச் சாறும் சேர்ந்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். காலை 10 மணிக்குக் கோழி வெட்டி, பைப்பில் லேசாக அலசி வைத்த கத்தியை 12 மணிக்கு எடுத்தால் ஒன்று 64 ஆகியிருக்கலாம்.

குழம்பைப் பற்றிப் பயம் வேண்டாம், அது கொதித்துவிடும். தயிர்ப் பச்சடிக்கு அரியும் வெங்காயமும் வெள்ளரிக்காயும் அடுப்புக்கே போகாது. கோழியில் இருக்கும் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகள் அந்தப் பச்சடி வழியாகத்தான் சுலபமாக வயிற்றுக்குப் போகும். அதனால் பச்சையாகச் சாப்பிடுவதை முதலில் நறுக்கி மூடி வையுங்கள். மீனும் கோழியும் ஆடும் கடைசியில். முடிந்தால் பலகையும் கத்தியும் இரண்டிரண்டு. கோழியைப் பைப்பை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள். தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் சுத்தமான கத்திமேல்தான் விழும்.

இறைச்சி வெட்டிய கத்தியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் இரத்தமும் சாறும் வெந்து அலகில் படலமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு சோப்புக்கும் அசையாது. அலசிய பின் பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும். கத்தியை மேசைமேல் படுக்க வைத்து, முதுகுப் பக்கமிருந்து கூர்ப் பக்கமாகத் தேயுங்கள். சோப்பு நுரை நிறைந்த பேசினுக்குள் கத்தியைப் போட்டு வைக்காதீர்கள். அடுத்து உள்ளே கையை விடுபவரின் விரல் போய்விடும்.

எல்லாரும் அலகைப் பளபளவென்று தேய்க்கிறார்கள், அழுக்கு இருப்பது வேறு இடத்தில். அலகு கைப்பிடிக்குள் நுழையும் அந்தப் பொருத்தைப் பாருங்கள். ஒரு பல்குச்சியால் கீறினால் பழுப்பு நிறத்தில் பிசுக்கு வரும்: கொழுப்பு, மீன் செதிள், மஞ்சள் எல்லாம் சேர்ந்தது. ஆணி அடித்த இடத்தைச் சுற்றியும் அதே கதைதான். பழைய பல்துலக்கி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைச் சோப்போடு தேயுங்கள். மரப்பிடி வெடித்துக் கத்தி ஆட ஆரம்பித்துவிட்டால் எந்தக் கழுவலும் உள்ளே போகாது. பிடியை மாற்றுங்கள், இல்லை கத்தியையே மாற்றுங்கள்.

சோப்பு அழுக்கை எடுக்கும். கிருமியைக் கொல்ல அதற்கு மேல் ஒரு படி வேண்டும். கத்திக்கு வெந்நீரே நல்லது: கொதித்த தண்ணீரைப் பிடியில் படாமல் அலகின் இரு பக்கமும் அரை நிமிடம் ஊற்றுங்கள். பலகைக்கு குளோரோக்ஸ் போன்ற வெளுப்பான். வாசனை சேர்க்காத சாதா வகையாக, சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 6 விழுக்காடு உள்ளதாக வாங்கி, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, கலக்குங்கள். இரண்டு நிமிடம் பலகை முழுவதும் நனைந்திருக்கட்டும். சோப்பும் இறைச்சித் துணுக்கும் முழுதாகப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை வெளுப்பானைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் என்பது இல்லை. கத்தியை அதில் ஊறவைத்தால் எவர்சில்வரிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வினிகரோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கலக்கிய தண்ணீர் அன்றைக்கு மட்டும்தான்.

எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்ப்பது மீன் வாடைக்கு அருமையான வழி, விட வேண்டாம். ஆனால் அது வாடையை எடுக்கும், கிருமியை நம்பகமாகக் கொல்லாது. மஞ்சள் தடவுவதும் அப்படித்தான்.

பலகையில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் ஆழமாகிவிட்டால் மரமானால் இழைத்துவிடலாம், நைலானாக இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இனி காயவைப்பது. நம் ஊரில் பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான். காற்றிலேயே ஈரம் அதிகம். கழுவிக் கவிழ்த்து வைத்த பலகை சாயங்காலம் வரை அடியில் ஈரமாகவே இருக்கும், பூஞ்சையும் பிடிக்கும். கத்தியைச் சுத்தமான உலர்ந்த துணியால் அப்போதே துடையுங்கள், மேசை துடைத்த துணியால் அல்ல. அந்த ஒரே துணி எல்லாவற்றையும் மறுபடி அசுத்தமாக்கிவிடும். துடைக்கும் துணிகளைத் தினமும் 5 நிமிடம் கொதிக்கவிட்டு வெயிலில் போடுங்கள். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்றுப்பட வையுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், ஆகவே காலை வெயிலிலேயே வேலையை முடியுங்கள். மரப்பலகையை நாள் முழுக்க வெயிலில் விட்டால் வளைந்து வெடிக்கும், ஒரு மணி நேரம் போதும். ஈரக் கத்தியை மரக் கத்திக்கூட்டில் செருகவே கூடாது.

அரிவாள்மனையில் மடக்கும் திருகாணியையும் அலகு பலகையில் இறங்கும் பள்ளத்தையும் பாருங்கள். துருவியின் பற்களுக்கிடையே தேங்காய்ப்பூ தங்கினால் மறுநாள் சட்னி புளித்த வாடை அடிக்கும். துருவி முடித்ததும், காய்வதற்கு முன்பே, பல்துலக்கியால் தேயுங்கள். இரும்பு அலகானால் துடைத்தபின் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுங்கள், துரு அண்டாது. அடுத்த திருவிழா வரை எடுத்து வைக்கும் பாராங்கில் (பெரிய வெட்டுக்கத்தியில்) அந்த எண்ணெய் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும், வெளியே எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெட்டுங்கள்.

முனியாண்டி பூசை, கல்யாண வீடு என்று பத்துப் பேர் சேர்ந்து வெட்டும் இடத்தில் பைப்படியில் மூன்று வாளி வையுங்கள்: சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், வெளுப்பான் தண்ணீர். கத்தியை மூன்றாவதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, பைப்பில் ஓடும் தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். எந்த வாளி கலங்கினாலும் மாற்றுங்கள். வெளுப்பான் தண்ணீரை, கலங்காவிட்டாலும், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. இறைச்சிக் கத்திக்கு அடையாளமாக டேப் சுற்றாதீர்கள், அதன் ஓரத்திலேயே கொழுப்பு சேரும். பிடியின் நுனியில் சிவப்புச் சாயம் பூசுங்கள். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் காயத்தை மூடிக் கையுறை போட்டே வெட்ட வேண்டும். சாப்பாடு விற்கும் கடைக்காரர்களுக்கு 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம்.

தண்ணீர் தடைபடும் நாளில் முதல் நாளே இரண்டு லிட்டர் கொதிக்க வைத்து மூடி வையுங்கள், வெட்டும் சாமான்களுக்கு மட்டும். அன்றைக்கு மீனும் கோழியும் வாங்காமல் இருந்தால் கழுவும் வேலை பாதியாகிவிடும்.