சம்பள முன்பணக் கடனைக் கட்ட முடியாதபோது தவணை கேட்டுப் பெறும் முறை

அடுத்த சம்பளத் தேதிக்குள் வட்டியோடு முழுத்தொகையையும் திருப்பிக் கேட்கும் செயலிக் கடன்கள், மதுரையில் மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் பல வீடுகளுக்குள் வந்துவிட்டன. கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் நான், அப்படி வாங்கிய 20,000 ரூபாய்க் கடனை மாதத் தவணைகளாக மாற்றிக் கட்டி முடித்திருக்கிறேன். அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். மின்னஞ்சல் அனுப்புவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது போன்றவை அனைவரும் அறிந்தவை என்பதால் அவற்றை விளக்கவில்லை.

முதல் படி: கடன் கொடுத்தது யார் என்று பாருங்கள்

செயலியின் பெயர் வேறு, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேறு. கடன் வாங்கியபோது வந்த முக்கியத் தகவல் அறிக்கையில், அதாவது கேஎஃப்எஸ் எனப்படும் தாளில், வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரும், ஆண்டு வட்டி விகிதமும், குறைதீர்ப்பு அலுவலரின் தொடர்பு விவரமும் இருக்கும். அந்த நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பார்க்கலாம். நிறுவனங்கள் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியலும் 2025 முதல் அங்கேயே கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல், தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு மிரட்டும் செயலி என்றால் அங்கே பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். இனி வரும் படிகள் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாம் படி: கணக்கைப் பிரித்து எழுதுங்கள்

என் கடனின் கணக்கு இது. 20,000 ரூபாய்க் கடனுக்குப் பத்து சதவீதம் செயல்பாட்டுக் கட்டணம் 2,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 360. ஆகவே கைக்கு வந்தது 17,640 ரூபாய். ஒரு நாளைக்கு ஒரு சதவீத வட்டி என்பதால் முப்பது நாளில் 6,000 சேர்ந்து, கட்ட வேண்டியது 26,000 ஆகிவிட்டது. அசல், ஒப்பந்த வட்டி, அபராதம், கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் போடும் பவுன்ஸ் கட்டணம் என்று நான்கு வரிகளாகப் பிரித்து எழுதினால்தான் எதைக் குறைக்கக் கேட்கலாம் என்பது தெரியும். ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, தாமதத்துக்கு நியாயமான அபராதக் கட்டணம் வாங்கலாமே தவிர, அந்த அபராதத்தின் மீது வட்டி போடக் கூடாது. ஸ்டேட்மெண்டில் அப்படி ஏதேனும் ஏறியிருந்தால் அந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.

இதற்கு எக்செல் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டே போதும் என்பது என் கருத்து. தொலைபேசியில் பேசிக்கொண்டே தேதியையும், பேசியவரின் பெயரையும், அவர் சொன்ன தொகையையும் அதே பக்கத்தில் எழுதிவிடலாம்.

மூன்றாம் படி: உங்கள் தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள்

அவர்கள் கேட்கும் தொகையிலிருந்து தொடங்காமல் வீட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள். என் சம்பளம் 22,000. வாடகை 6,000, மளிகையும் காய்கறியும் 5,500, பால், காஸ், மின்சாரம் 2,000, பிள்ளையின் பள்ளிச் செலவு 1,700, பெட்ரோல் 1,200, அலைபேசி 300. மொத்தம் 16,700 போக மீதி 5,300. அதில் 1,000 ரூபாயை மருந்துக்கும் திடீர்ச் செலவுக்கும் ஒதுக்கிவிட்டு, மாதம் 4,300 தருகிறேன் என்றேன். அதிகமாகச் சொன்னால் எளிதில் ஒப்புக்கொள்வார்கள் என்று எண்ணி 5,300 முழுவதையும் சொல்லிவிடாதீர்கள்; ஒரு தவணை தவறினாலும் திட்டமே ரத்தாகிவிடக்கூடும். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வரும் உறவினர் செலவு போன்றவை தவணைக் காலத்துக்குள் வருமானால், அந்த மாதத்துக்குக் குறைந்த தொகையை இப்போதே கேட்டு வையுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வட்டியை மட்டும் கட்டிவிட்டு முப்பது நாள் நீட்டித்துக்கொள்ளுங்கள் என்று செயலி காட்டும் பொத்தானை அழுத்தாதீர்கள். ஐந்து முறை நீட்டித்தால் 30,000 ரூபாய் போயிருக்கும். 20,000 அசல் அப்படியே இருக்கும். இதை அடைக்க மீட்டர் வட்டிக்கு வாங்குவது அதைவிட ஆபத்தானது. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தாலும், வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசுவது எளிதல்ல. வீட்டில் சிறிது நகை இருக்குமானால், கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் இந்தக் கடனைவிடப் பல மடங்கு மலிவானது. அந்த வழி உள்ளவர்களுக்குத் தவணைப் பேச்சே தேவைப்படாது.

நான்காம் படி: எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

பலரும் தடுமாறும் படி இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். வசூல் பிரிவிலிருந்து பேசுபவர், "சார், முதல்ல ஒரு ஐயாயிரம் போடுங்க, மீதியை அப்புறம் பேசிக்கலாம்" என்பார். எழுத்தில் எதுவும் இல்லாமல் போடும் பணம் பொதுவாக முதலில் கட்டணங்களுக்கும், அடுத்து வட்டிக்கும், கடைசியாகவே அசலுக்கும் வரவு வைக்கப்படும். ஐயாயிரம் கட்டிய பிறகும் அசல் குறையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஒப்புதல் கைக்கு வரும்வரை பணம் அனுப்பாதீர்கள்.

செயலிக்குள் இருக்கும் சாட் வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு முடக்கப்பட்டால் அந்த உரையாடலும் போய்விடும். குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதையே அச்செடுத்து, நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள். பதிவு அஞ்சல் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. நான் அனுப்பிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"என் வருமானத்தில் குடும்பச் செலவு போக மாதம் 4,300 ரூபாய் மட்டுமே செலுத்த இயலும். நிலுவையை 26,000 ரூபாயாக நிறுத்தி, ஐந்து மாதங்களுக்கு 4,300 ரூபாயும் ஆறாம் மாதம் 4,500 ரூபாயும் ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். இக்காலத்தில் வட்டியும் அபராதமும் சேர்க்காமல், முழுத்தொகைக்கான ஆட்டோ டெபிட்டை வங்கிக்கு அனுப்பாமல், கடைசித் தவணைக்குப் பின் கணக்கு முடிக்கப்பட்டதாக என்ஓசி எனும் நிலுவையின்மைச் சான்று தருவதாக எழுத்தில் உறுதி செய்யக் கோருகிறேன்."

சம்பளச் சீட்டையும் மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து அனுப்புங்கள். வட்டியை நிறுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது அவர்கள் தரும் சலுகை. அதனால்தான் கடிதத்தில் கோபம் இருக்கக் கூடாது, கணக்கு இருக்க வேண்டும்.

ஆட்டோ டெபிட், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆணை, பற்றிய வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வசூல் பிரிவு தவணைக்கு ஒப்புக்கொண்டிருந்தாலும், பழைய முழுத்தொகைக்கான ஆணை சம்பளம் ஏறிய அன்றே வங்கிக்கு வந்து நிற்கக்கூடும். பணம் இருந்தால் மொத்தமாக எடுத்துவிடும். இல்லாவிட்டால் வங்கி ஒரு பவுன்ஸ் கட்டணமும் நிறுவனம் ஒரு பவுன்ஸ் கட்டணமும் போடும். கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றமாகாது. ஆனால் ஆட்டோ டெபிட் பணமின்றித் திரும்பி, அதற்கு முறையான நோட்டீஸ் வந்து, 15 நாளுக்குள் பணம் செலுத்தப்படவில்லை என்றால், 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 25ஆம் பிரிவின் கீழ் குற்ற வழக்குத் தொடர இடமுண்டு. அத்தகைய நோட்டீஸ் வந்தால் அதைப் பதிலின்றி விடாதீர்கள்.

ஐந்தாம் படி: மறுத்தால் மேலே போங்கள்

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்னும் புகார் இணையதளத்தில் அந்த வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்பட்ஸ்மன்) இலவசமாகப் புகார் அளிக்கலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. தவணை தரும்படி அவர் உத்தரவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். தவறான கட்டணம், மிரட்டல், விதிமீறல் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர் அழைக்கக் கூடாது. உறவினரையும் நண்பர்களையும் அழைத்து அவமானப்படுத்துவதும் தடை செய்யப்பட்டதே.

நேரில் பேச ஒரு துணை வேண்டும் என்பவர்கள், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ள முடியும் என்பதும், அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஆறாம் படி: முடிந்த பின் சரிபாருங்கள்

கடைசித் தவணை கட்டியதும் என்ஓசியைக் கேட்டு வாங்குங்கள். சிபில் முதலிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தர வேண்டும். அதில் கணக்கு 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால், ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்ததாகப் பொருள். அடுத்த கடனுக்கு அது தடையாகும். தவறாக இருந்தால் திருத்தம் கோருங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது விதி.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுத் திருமங்கலத்திலிருந்து எழுதிய ஒரு சகோதரி, வசூல் முகவர் தன் சொந்த ஜிபே எண்ணுக்குத் தவணையை அனுப்பச் சொல்வதாகக் கேட்டிருந்தார். அனுப்பாதீர்கள், அம்மா. கடன் கொடுத்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகக் கட்டுங்கள். ஒப்புதல் மின்னஞ்சலில் அந்தக் கணக்கு எண் இல்லையென்றால் குறைதீர்ப்பு அலுவலரிடமே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும், பணம் அனுப்பியதற்கு அடையாளமான யுடிஆர் எண்ணை அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதி அனுப்பிவிட்டால், பணம் வரவில்லை என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.