பூச்சியம் காட்டிய கீழ் உயரங்கள்

நான் பார்த்துக்கொண்டிருந்த 1290 மெகாஹெர்ட்ஸ் காற்று அளவீட்டு ரேடார், முதல் 600 மீட்டர் வரை காற்றே இல்லை என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே தென்னை மட்டைகளோ ஒரு பக்கமாக வளைந்து நின்றன.

மரங்களும் கட்டடங்களும் தரும் தரை எதிரொலி டாப்ளர் நிறமாலையில் (எதிரொலியின் வலிமையை வேகவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) பூச்சிய வேகத்தில் விழும் என்பதால், நடுவிலுள்ள மூன்று புள்ளிகளை நீக்கி, அண்டைப் புள்ளிகளின் சராசரியால் நிரப்பியிருந்தேன். அது போதவில்லை. செங்குத்திலிருந்து 15 பாகை சாய்ந்த ரேடார் கற்றையில் வினாடிக்கு 8 மீட்டர் கிடைமட்டக் காற்று ஏறக்குறைய 2 மீட்டராகவே தெரியும். எங்கள் 256 புள்ளி நிறமாலையில் அது பூச்சியத்திலிருந்து சுமார் 12 புள்ளிகள் தள்ளி, நீக்கிய பகுதிக்கு வெளியே நிற்கும்; ஆகவே தெரிந்திருக்க வேண்டும்.

நிறமாலையை டெசிபெல் என்ற மடக்கை அளவில் வரைந்து பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது (இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்). தரை எதிரொலி காற்றுச் சமிக்ஞையைவிடச் சுமார் 50 டெசிபெல் வலுவாக இருக்க, சாளரம் (தரவின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் எடைக்கோவை) எதுவுமின்றி, நிறமாலையைத் தரும் ஃபூரியே உருமாற்றத்தைச் செய்ததால், அந்த எதிரொலி பக்கத்துப் புள்ளிகளுக்குப் பரவிய கசிவு, 12 புள்ளிகள் தள்ளியும் ஏறத்தாழ 31 டெசிபெல்தான் குறைந்திருந்தது. அந்தச் சரிவுக்கு அடியில் காற்று புதைந்து கிடந்தது.

உருமாற்றத்திற்கு முன் தரவை ஹான் என்ற வகைச் சாளரத்தால் பெருக்கியதும் அதே இடத்தில் கசிவு 70 டெசிபெலுக்கும் மேல் குறைந்தது. சாளரம் நடுமுகட்டை அகலமாக்குவதாலும், ஆடும் கிளைகள் அதை மேலும் விரிப்பதாலும், நீக்கும் புள்ளிகளை ஏழாக உயர்த்தினேன். மறுநாள் பலூன் அளவீட்டோடு ஒப்பிட்டபோது, 300 மீட்டரில் திசையும் வேகமும் ஒத்துவந்தன. மிக மெல்லிய காற்று வீசும் விடியற்காலைகளில் மட்டும் இந்த ஏழு புள்ளி நீக்கம் உண்மையான சமிக்ஞையையும் விழுங்கிவிடுவதால், அந்த மதிப்புகளை ஐயத்திற்குரியவை என்று குறித்துவைக்கிறேன்.