ஆப்பிரிக்காவின் தட்பவெப்பம்: வரைபடத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

கென்யாவில் நைரோபி, மொம்பாசா என்று இரண்டு பெரிய நகரங்கள். நைரோபி நிலநடுக்கோட்டிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மொம்பாசா அதைப் போல மூன்று மடங்கு தள்ளி. இரண்டில் எங்கே வெயில் அதிகம்? வரைபடத்தை மட்டும் பார்த்தால் நைரோபி என்றுதான் சொல்லத் தோன்றும். நிலைமையோ நேர் எதிர். மொம்பாசாவில் ஆண்டு முழுக்கப் புழுக்கம். நைரோபியில் ஜூலை மாதக் காலை வேளையில் ஸ்வெட்டரைத் தேட வேண்டியிருக்கும்.

மொம்பாசா கடற்கரை ஊர். நைரோபி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். இதுதான் விஷயம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்குப்படி இங்கே 11 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வர வேண்டும். ஆனால் பீடபூமியின் தரையும் வெயிலில் காய்ந்து தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்குவதால் ஏழெட்டு டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதுவே ஊரின் குணத்தை மாற்றப் போதும்.

ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுபவர்களும் படிப்பவர்களும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. அட்சரேகையைப் பார்த்த உடனே தட்பவெப்பத்தைச் சொல்லிவிடுகிறோம். உயரம், பக்கத்துக் கடல் நீர் சூடா குளிரா, காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்ற மூன்றையும் கேட்பதில்லை. கண்டத்தின் கிழக்கும் தெற்கும் பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலம். லெசோத்தோ நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பனி பெய்வது செய்தியே அல்ல. 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி தெற்கில்தான் நிற்கிறது. உச்சியில் பனி உண்டு. ஆனால் "எப்போதும் பனி போர்த்திய மலை" என்று எழுதுவதும் இன்று பழைய கதை. 1912இல் அங்கே இருந்த பனிப்பரப்பில் மிகப் பெரும் பகுதி கரைந்துவிட்டது.

சரி, மழைக்கு வருவோம். நிலநடுக்கோடு என்றால் அடர்ந்த காடு, தினமும் மாலை மழை என்று மனப்பாடம் செய்திருப்போம். மேற்குக் கரைக்கு அது ஓரளவு பொருந்தும். காபோனின் தலைநகர் லிப்ரவில்லில் ஆண்டுக்குச் சுமார் 2,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கிருந்து கண்டத்தைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரைக்குப் போனால் மொகதீசு. அதுவும் நிலநடுக்கோட்டுக்கு இரண்டே டிகிரி வடக்கில்தான். மழையோ சுமார் 400 மில்லிமீட்டர். சோமாலியக் கரையில் பருவக்காற்று நிலத்துக்குள் நேராக ஏறுவதில்லை, பெரும்பாலும் கரையை ஒட்டியபடியே ஓடிவிடுகிறது. ஜூன் முதல் அது பலமாக வீசும்போது கடலின் மேல்நீரை விலக்கிவிடும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். குளிர்ந்த கடலுக்கு மேல் இருக்கும் காற்று எழும்பி மேகமாவதற்குச் சோம்பல்படும். கடல் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே மழை வரும் என்ற கணக்கு அங்கே தோற்றுப்போகிறது.

இதன் உச்சம் நமீப் பாலைவனம். தென்மேற்கு ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையிலேயே இருக்கும் பாலைவனம் அது. தெற்கிலிருந்து வரும் பென்குவேலா குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிரவைத்துவிடுவதால் ஈரம் மேலே போகாமல் மூடுபனியாகத் தரையில் தவழ்கிறது. கரையோரத்தில் ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடக் கிடைக்காத இடங்கள் உண்டு. மூடுபனி வரும் அதிகாலையில் அங்குள்ள ஒரு கருவண்டு மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனித்துளிகள் வழிந்து வாய்க்கு வந்து சேரும். இனி யாராவது "பாலைவனம் என்றால் ஈரமே இல்லாத காற்று" என்று எழுதினால் இந்த வண்டை நினைத்துக்கொள்ளலாம்.

ஆப்பிரிக்காவை நிலநடுக்கோட்டில் மடித்தால் இரு பாதியும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும் என்பதும் பிரபலமான விளக்கம். நடுவில் காடு, இருபுறமும் சவானா, அப்புறம் பாலைவனம், இரு முனையிலும் மத்தியதரைக்கடல் வகைத் தட்பவெப்பம். ஆரம்பத்தில் புரிந்துகொள்ள நல்ல வழிதான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் தவறு. வடக்கே சகாரா அட்லாண்டிக்கிலிருந்து செங்கடல் வரை கண்டத்தையே குறுக்கே மறிக்கிறது. தெற்கே வறட்சி மேற்குப் பாதியில்தான் அதிகம். கிழக்குக் கரையை ஒட்டி அகுல்காஸ் வெப்ப நீரோட்டம் ஓடுவதால் டர்பன் பக்கம் பச்சையாகவே இருக்கிறது. பருவத்தையும் இப்படித்தான் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்காலம் என்பது சரி. ஆனால் அந்த ஜூலையில் கேப் டவுனில் மழை கொட்டும், ஜோகன்னஸ்பர்க் காய்ந்து கிடக்கும்.

சகாரா விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்த தவறு மணல். படங்களில் வரும் மணல்மேடுகள் அதன் பரப்பில் ஏறத்தாழ கால் பங்குதான்; மீதியெல்லாம் பாறைத் தளம், கூழாங்கல் வெளி, மலை. திபெஸ்தி மலைத்தொடரின் எமி கூசி 3,415 மீட்டர் உயரம். அல்ஜீரியாவின் ஐன் செஃப்ராவில் 2018 ஜனவரியில் செம்மணல் மேட்டின்மேல் வெண்பனி விழுந்து கிடந்தது.

தெரியாத தவறு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. உலகிலேயே அதிக வெப்பம் லிபியாவின் அல் அசீசியாவில், 58 டிகிரி என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். நானும் படித்து, பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். 1922 செப்டம்பர் 13இல் எடுத்த அளவு அது. சரியாக 90 ஆண்டு கழித்து, 2012 செப்டம்பர் 13இல், உலக வானிலை அமைப்பு அதை ரத்து செய்தது. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, அந்த நாட்களில் கையெழுத்து மாறியிருந்தது, அதாவது ஆள் புதிது. எண்களைத் தவறான கட்டத்தில் எழுதியிருக்கிறார். அன்று பயன்படுத்திய வெப்பமானியில் பாதரசம் தள்ளிக்கொண்டு போகும் சிறு குச்சி ஒன்று உண்டு. அதன் கீழ் நுனியைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். அவர் மேல் நுனியைப் பார்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. குச்சியின் நீளம் சுமார் ஏழு டிகிரி! இப்போது பட்டியலின் முதலிடத்தில் இருப்பது அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு; 1913இல் பதிவான 56.7 டிகிரி. இன்னமும் 58 என்று அச்சிடும் புத்தகங்கள் இருக்கின்றன, பார்த்தால் பென்சிலால் திருத்திவிடுங்கள்.

ஆறுகளிலும் உயரத்தை மறந்தால் வம்புதான். நைல் விக்டோரியா ஏரியில் பிறக்கிறது, ஆகவே அதன் வெள்ளமும் அங்கிருந்து வருகிறது என்று நினைப்பது இயல்பு. ஏரியிலிருந்து வரும் வெள்ளை நைல் தெற்கு சூடானின் சுத் சதுப்புநிலத்தில் பரந்து, தன் நீரில் சுமார் பாதியை ஆவியாக்கி இழந்துவிடுகிறது. எகிப்துக்கு வந்து சேரும் நீரில் 85 சதவீதம் அளவுக்கு எத்தியோப்பிய மேட்டு நிலம் தருவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பெய்யும் மழைதான், துளி மழையில்லாத எகிப்தின் கோடையில் ஆற்றைப் பெருக வைத்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸுக்கும் இது புதிராக இருந்தது. பனி உருகி வருகிறது என்ற விளக்கத்தை அவர் நிராகரித்தார். அந்த வெப்பப் பகுதியில் பனி எப்படி இருக்கும் என்பது அவர் வாதம். முடிவு சரி, காரணம் தவறு. அட்சரேகையை நம்பும் பழக்கம் நம்மோடு தொடங்கியதல்ல. மேல் எகிப்து எது என்று கேட்டால் வரைபடத்தின் மேல்பக்கத்தைக் காட்டுவதும் இதே ரகம். ஆறு வடக்கு நோக்கி இறங்குவதால் மேல் எகிப்து தெற்கில் இருக்கிறது.

காங்கோ ஆறு நிலநடுக்கோட்டை இரண்டு முறை வெட்டுகிறது. அதன் வடிநிலம் கோட்டின் இருபுறமும் இருப்பதால் ஒரு பக்கம் மழை ஓயும்போது மறுபக்கம் தொடங்கிவிடும். ஆற்றில் நீர் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. இவ்வளவு நீர் இருந்தும் கடலிலிருந்து வரும் கப்பல் மட்டாடி துறைமுகத்தைத் தாண்டி உள்ளே போக முடியாது. கின்ஷாசாவுக்குக் கீழே பீடபூமியின் விளிம்பு வந்துவிடுகிறது. அங்கிருந்து மட்டாடி வரை ஆறு பாறைகளில் மோதிக்கொண்டு சுமார் 270 மீட்டர் இறங்குகிறது. அந்தத் தூரத்துக்கு ரயில்பாதை போட வேண்டியிருந்தது.

அப்புறம் தென்முனை. நன்னம்பிக்கை முனை அல்ல, அதற்குத் தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அகுல்காஸ் முனை. இந்தியப் பெருங்கடலையும் அட்லாண்டிக்கையும் பிரிக்கும் கோடும் அங்கேதான் போகிறது. நன்னம்பிக்கை முனையில் நின்று "இரண்டு கடலும் சேரும் இடம்" என்று எடுத்த புகைப்படங்களில் இருப்பது இருபுறமும் அட்லாண்டிக்தான்.